பொடக்காலி வாசல்

எஸ்டேட் ஆபீஸில் சேர்ந்து 19 வருஷம் ஆன பிறகுதான் எங்கப்பா துரை பங்களாவின் முன்வாசல் வழியாக உள்ளே போனார். அதுவும் துரை ஊரைவிட்டே போன பிறகு. அன்றைக்கு அவரோடு நானும் போனேன். 1976 மே மாதம். எனக்கு 12 வயது. பொள்ளாச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். முழுப் பரீட்சை லீவுக்கு மலையேறி வந்திருந்தேன். என் இங்கிலீஷ் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் என்னை அந்த வாசலுக்குள் கொண்டுபோய் விட்டது.

வால்பாறைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாதை தெரிந்திருக்கும். ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் வாந்தி வந்தது என்பதை வைத்து எங்கள் வீட்டு ஒறம்பரைகளின் தைரியத்தை அளப்போம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்தவர்களில் கார்வர் மார்ஷ் என்ற வெள்ளைக்காரருக்குப் பெரிய பேர். ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று சொல்வார்கள், போகிற வழியில் சிலையும் இருக்கிறது. வெட்டியவர்களுக்குச் சிலை இல்லை. திருநெல்வேலி, ராமநாதபுரம், சேலம் என்று பல சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த சனம் அது. அவர்களுடைய பேரன் பேத்திகள் லைன் வீடுகளில் இருந்தார்கள். நாங்கள் லைனில் இல்லை. நாங்கள் ஸ்டாஃப்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்டேட் என்பது மேட்டு நிலம் மட்டுமில்லை, மேடு மேடாக அடுக்கிய மனிதர்களும்தான். உச்சியில் பங்களா, அதில் பெரிய துரை. அதற்குக் கீழே சின்ன பங்களா, சின்ன துரை. அதற்கும் கீழே, ஃபேக்டரிக்குப் பக்கத்தில், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்: ஹெட் கிளார்க், டீ மேக்கர், கம்பவுண்டர், கண்டக்டர். கண்டக்டர் என்றால் பஸ்ஸில் விசில் ஊதுகிறவர் இல்லை, காட்டு வேலையை மேற்பார்க்கிறவர். பின்னாளில் ஃபீல்டு ஆபீசர் என்று பேர் மாறியது. அதற்கும் கீழே, ஓடையை ஒட்டின பள்ளத்தில், லைன். யார் வீட்டுத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே யார் யாருக்குக் கீழ் என்று தெரிந்துவிடும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் கதவுக்குப் பின்னால் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கட்டில் 2, மேசை 1, நாற்காலி 2, பல்பு 3. கம்பெனி சாமான். ஒரு தீபாவளிக்கு வந்த பெரிய மாமா உட்கார்ந்ததில் நாற்காலிக் கால் முறிந்துவிட்டது. அடுத்த மாதச் சம்பளத்தில் 7 ரூபாய் பிடித்தார்கள். பிடித்ததாக ரெஜிஸ்டரில் எழுதியது யார் என்றால் அப்பாவேதான். எழுதிவிட்டு, தன் சம்பளத்தைத் தானே குறைத்து வாங்கிக்கொண்டு வந்தார். மாமா அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பாயில்தான் உட்காருவார்.

எஸ்டேட்டில் எல்லாருடைய சம்பளமும் அப்பாவின் பேனா வழியாகத்தான் போகும். செக்ரோல் முழுக்க அவர் கையெழுத்து. யாருக்கு எத்தனை நாள் வேலை, யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ், யாருக்கு அரிசிப் பிடித்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரே ஒரு சம்பளம் மட்டும் அவருக்குத் தெரியாது. அது ஹெட் ஆபீஸிலிருந்து அரக்கு முத்திரை வைத்த கவரில் வரும். துரை அதைத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொள்வார்.

சம்பளம் தெரியாதே தவிர, அதைச் சுற்றியிருந்த மற்றதெல்லாம் அப்பா டைப் அடித்ததுதான். துரைக்கு ஓவர்சீஸ் அலவன்ஸ் என்று ஒன்று இருந்தது. சொந்த ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து வேலை செய்கிறாரே, அந்தக் கஷ்டத்துக்காக. சில வருஷத்துக்கு ஒரு தடவை ஹோம் லீவ், ஆறு மாதம், சம்பளத்தோடு. துரைக்கும் துரைசானிக்கும் குழந்தைகளுக்கும் கப்பல் டிக்கெட், பிற்பாடு விமான டிக்கெட், டிரங்குப் பெட்டிகளுக்குத் தனியாகச் சரக்குக் கட்டணம். எங்கள் தாத்தா ஆனைமலையில் தவறிப்போன அன்றைக்கு அப்பாவுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. கீழே போக எஸ்டேட் லாரியில் ஏறுவதற்கு ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். அதையும் அவரே டைப் அடித்து, கையெழுத்துக்கு நீட்டி, வாங்கிக்கொண்டு ஏறினார். "நம்ம ஊர்ல நாம இருக்கறோம், அதுக்கு எவனாச்சும் அலவன்ஸ் குடுப்பானா?" என்று சிரிப்பார். வாய்தான் சிரிக்கும்.

1966 ஜூன் 6-ஆம் தேதியைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். இந்திரா காந்தி ரூபாயின் மதிப்பைக் குறைத்த நாள். அதுவரை ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் சொச்சம். விடிந்தால் 21 ரூபாய். ரூபாயில் வாங்கி, பவுண்டாக மாற்றி ஊருக்கு அனுப்புகிற துரைமார்களுக்குப் பெரிய இடி. கிளப்பில் அன்றைக்கு யாரும் சீட்டாடவில்லையாம். அடுத்த சில வாரங்களில் கவருக்கு மேல் கவராக ஹெட் ஆபீஸுக்குக் கடிதம் போனது. எங்கள் கம்பெனி துரைக்கு நஷ்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்டியது. அந்தக் கடிதத்துக்குப் பதில் டைப் அடித்தவர் என்பதால் அப்பாவுக்குத் தெரியும். அதே சமயம்தான் தமிழ்நாடு முழுக்க அரிசிப் பஞ்சம். அடுத்த வருஷம் தேர்தலில் ஆட்சியே கவிழ்ந்து, கோயமுத்தூரிலும் சென்னையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். கோயமுத்தூர் ஜில்லாவில்தான் நாங்களும் இருந்தோம், ஆனால் அந்தப் படி 40 வளைவு ஏறி வரவில்லை. ஸ்டாஃபுக்கு ஒரு பஞ்சப்படி கேட்டு ஒரு மனு போனது. அதற்குப் பதில் வந்ததாக அப்பா டைப் அடிக்கவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் கடைசி வெள்ளைக்கார துரை கெட்டவர் இல்லை. ஆனைமலை மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த மழையில் துரையின் ஜீப் எதிரே வந்தால் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம். எங்கள் துரை ஜீப்புக்குள்ளிருந்து கையை ஆட்டுவார்: மடக்காதே, பிடி, பிடி. அவர் ஆட்டியது நிஜம். ஆனால் மடக்காமல் நின்றவளை மறுநாள் மஸ்டரில் கண்டக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "என்ன, ராணி மாதிரி நின்னியாமே" என்பார். அதனால் எல்லாரும் மடக்கினார்கள். துரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

ஸ்டாஃபுக்குச் சங்கம் இருந்தது. அது இருந்ததற்குக் காரணம் ஒரு டாக்டர், பி.எச். டேனியல். 1940-களில் இந்த மலைத் தோட்டங்களுக்கு மருத்துவராக வந்தவர். தோட்ட ஊழியர்களை ஒன்று சேர்த்தவர். சந்தாச் சீட்டை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். அந்த டாக்டர் 1969-இல் இங்கிலீஷில் 'ரெட் டீ' என்று ஒரு நாவல் எழுதினார் என்பதும், பின்னாளில் அதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார் என்பதும் பலருக்குத் தெரியும். அப்பா இங்கிலீஷிலேயே படித்தார், அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க. முடித்துவிட்டு, "லைன்காரங்க பட்ட பாட்டை எழுதியிருக்கறாருங்க" என்றார் அம்மாவிடம். அம்மா ஊதாங்குழலை வைத்துவிட்டு, "நாம படற பாட்டை எழுதலீங்களா?" என்று கேட்டாள்.

அம்மாவுடைய பாடு விறகு. ஸ்டாஃப் வீட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று விறகு அளந்து போடுவார்கள். ஷெட் கிடையாது, மழையில் நனைந்துதான் வரும், நனைந்தே கிடக்கும். காலையில் அடுப்பு மூட்டுவதற்குள் அவள் கண் செம்பருத்திப்பூ ஆகிவிடும். பங்களாவுக்கும் அதே காட்டு விறகுதான் போகும். ஆனால் அங்கே ஓடு வேய்ந்த விறகுக் கொட்டகை இருந்தது.

பிறகு எல்லாம் மாறப்போகிறது என்றார்கள். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973-இல் வந்து, 1974 ஜனவரி 1 முதல் அமலானது. லண்டனில் பதிவான கம்பெனிகள் இங்கே இந்தியக் கம்பெனிகளாக மாற வேண்டும், இந்தியர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் இங்கே வேலை பார்க்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். டீ மேக்கர் மாமாதான் பேப்பர் படித்து எங்களுக்கெல்லாம் சொன்னார். "இனி நம்மாளு துரை" என்பார். நம்மாளும் துரையும் ஒரே வாக்கியத்தில் வந்தது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. பக்கத்து எஸ்டேட்களில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எங்கள் துரையும் ஒரு ஏப்ரலில், ஃபேக்டரி முற்றத்தில் மாலை போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் லட்டு கொடுத்துவிட்டுப் போனார். துரைசானி அழுதார். கொழுந்து பறிக்கும் பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன், ஏனென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

புது துரை வருவதற்குள் பங்களாச் சாமான்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் போட வேண்டும். அந்த வேலைக்குத்தான் அப்பா போனார், நானும் பேப்பர் அட்டையும் பென்சிலுமாகக் கூடப் போனேன்.

அப்பா கால் போன பழக்கத்தில் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். எங்கள் பக்கம் பொடக்காலி என்போமே, அந்தப் பின்பக்கம். பட்லர் தாத்தாதான், "அய்யா, முன்னால வாங்க. சாவி முன்கதவுக்குத்தான் இருக்கு" என்றார். அப்பா வராந்தா ஏறுகிறபோது செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து நானும் கழற்றினேன்.

உள்ளே அவ்வளவு இருட்டு. தாத்தா ஜன்னல்களைத் திறக்கத் திறக்கச் சாமான்கள் ஒவ்வொன்றாக முளைத்து வந்தன. ஈட்டி மரத்தில் சாப்பாட்டு மேசை. நாற்காலி 14. கணப்பு அடுப்பு 4, ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கிடுக்கி. கெரசினில் ஓடுகிற ஃப்ரிட்ஜ். நெருப்பு எரிந்தால் எப்படிக் குளிரும் என்று நான் கேட்டதற்கு அப்பாவுக்கும் பதில் தெரியவில்லை. சிங்கக்கால் வைத்த குளிக்கும் தொட்டி. பழைய பட்டியலை அப்பா வாசிப்பார், தாத்தா எடுத்துக் காட்டுவார், நான் எழுதுவேன். கத்தி 24 என்று எழுதினேன். "இல்ல பாப்பா, இது வேற, இது வேற. இது மீனுக்கு" என்றார் தாத்தா. மீனுக்குத் தனிக் கத்தி. முனை மழுங்கி, வெள்ளிப் பிடி போட்டு, 12. அப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துடைத்து வைத்தார்.

ஷெர்ரி கிளாஸ் 12 இருக்க வேண்டும், 11 தான் இருந்தது. தாத்தாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "12-ன்னே எழுது அம்மிணி" என்றார். கம்பெனிக் கணக்கில் அப்பா தப்பாக எழுதச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. என்ன என்று பார்க்க அமுக்கினேன். எங்கேயோ உள்ளே, சமையல்கட்டில், கணகணவென்று மணி அடித்தது. எந்த அறையிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று காட்டுகிற பலகை அங்கே இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தாத்தா அப்போது அங்கேதான் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார். "வந்துட்டேன் துரை!" என்று ஒரு குரல். தோளிலிருந்த துண்டைக் கையில் உருவிக்கொண்டு, பாதி ஓட்டமாக வந்து, கதவண்டையில் குனிந்து நின்றுவிட்டார். எதிரே நான், இரட்டைச் சடை போட்டுக்கொண்டு.

மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. தாத்தா மெதுவாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். அப்பா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் தாத்தாவின் பேரன் வந்தான். என் வயசுதான் இருக்கும். சாமான்களை நகர்த்தி வைக்க ஒத்தாசைக்கு லைனிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாப் படியில் ஏறி, திறந்திருந்த முன்கதவுக்குள் எட்டிப் பார்த்தான். நான் பார்த்த மாதிரியே, வாயைப் பிளந்துகொண்டு.

"டேய்! பொடக்காலிப் பக்கமாப் போடா" என்றார் அப்பா.

சத்தம் போடவில்லை. பட்டியலிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. மாடு குறுக்கே வந்தால் ஓட்டுகிற மாதிரி, தன்னியல்பாக. பையன் படியிறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். நான் எழுதிக்கொண்டிருந்தது மெத்தை உறையா, தலையணை உறையா என்று ஞாபகமில்லை. பென்சில் முனை ஒடிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவை நினைத்து ஒடிந்தது என்று சொன்னால் பொய். லைன் பிள்ளைகள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள், நானும் குடித்ததில்லை. அழுத்தி எழுதுவேன், அதனால் ஒடிந்தது. மற்றதெல்லாம் பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டது.

புது துரை வடக்கத்தியர். நல்ல உயரம், நல்ல இங்கிலீஷ். முதல் நாளே அப்பாவை அறைக்குக் கூப்பிட்டு, கொச்சைத் தமிழில் "உக்காருங்கோ" என்றார். துரையின் மேசைக்கு எதிரே நாற்காலி கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. பியூனை விட்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். அப்பா மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ராத்திரி ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு. மறுநாள் அப்பா உள்ளே போனால் நாற்காலி இல்லை. துரை எடுக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது, இது இங்கே இருக்கிற சாமான் இல்லையே என்று பியூன் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டார். துரை அதைக் கவனிக்கவில்லை, அப்பா கேட்கவில்லை. ஓவர்சீஸ் அலவன்ஸ் என்ற பேர் மட்டும் ரெஜிஸ்டரில் இல்லாமல் போனது. பங்களா, பட்லர், தோட்டக்காரர், விறகு எல்லாம் அப்படியே தொடர்ந்தன. அரக்கு முத்திரைக் கவரும் வந்தது.

2013-இல் 'பரதேசி' படத்தை கோயமுத்தூரில் பார்த்தேன். டேனியலின் நாவலை அடிப்படையாக வைத்து எடுத்தது. தியேட்டரில் நிறையப் பேர் அழுதார்கள். நான் திரையில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். தொழிலாளிகள் இருந்தார்கள், கங்காணி இருந்தார், வெள்ளைக்காரர் இருந்தார். அவர்களுக்கு நடுவில் ரெஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு மெலிந்த மனிதர் எங்காவது ஒரு மூலையில் தென்படுவாரா என்று பார்த்தேன்.

என் தங்கை வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் 20 வருஷம் என்ஜினியராக இருந்தார். அங்கே அவர்தான் வெளிநாட்டுக்காரர். அப்படியானால் அலவன்ஸ் அவருக்கல்லவா வரவேண்டும் என்று ஒரு தடவை வேடிக்கையாகக் கேட்டேன். "அக்கா, அங்க வெளிநாட்டுக்காரன்னா எல்லாரும் ஒண்ணில்லீங்க" என்றார். "ஒரே மேசை, ஒரே வரைபடம். பாஸ்போர்ட் என்ன கலரோ அந்தக் கலர்ல சம்பளம்." அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை டைப் அடித்து வைத்துக்கொண்டிருப்பார்.

பட்டியலுக்கு வருகிறேன். கடைசியாகத் துரையின் எழுத்து மேசை. டிராயர் பூட்டியிருக்கவில்லை. அடியில் ஒரு கவர், அரக்கு உடைத்தது, காகிதம் உள்ளேயே இருந்தது, மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பிரித்தார். படித்தார். படித்ததற்கு மேலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மடித்து, கவருக்குள் போட்டு, டிராயரில் வைத்து மூடினார்.

"என்னன்னு எழுதட்டுங்கப்பா?"

"காகிதம், ஒரு கட்டுன்னு எழுது."

திரும்பி நடக்கும்போது இருட்டிவிட்டது. தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. அப்பா முன்னால், டார்ச்சோடு. அதில் எவ்வளவு போட்டிருந்தது என்று கேட்டேன். "வழியில அட்டை இருக்கும், பார்த்து வா அம்மிணி" என்றார். அதற்கப்புறம் 30 வருஷம் இருந்தார், சொல்லவே இல்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எஸ்டேட்டில் எந்த ஸ்டாஃபின் பெண்சாதியும் பார்த்திராத இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அவள் என்னென்ன கேட்பாள் என்று வரும்போதே மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடி, சோபா, மீன் கத்தி, சிங்கக்கால் தொட்டி.

அவள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தக் கொட்டகையில வெறகு கெடந்துச்சுங்களா?"

"கெடந்துச்சு."

"காஞ்சதுங்களா?"